மூன்று முறை ரெஃப்ரெஷ்

ஆம்பூர்,
ரம்ஜான் முடிந்த மறு வாரம்.

அன்புள்ள நயீம் அண்ணாவுக்கு,

உங்கள் தோஸ்த் ஜோவினின் மனைவி பெர்சிஸ் எழுதுவது. ஈத் முபாரக். மஸ்கட்டில் நீங்கள் உடம்பும் மனசும் சரியாக இருக்கணும்னு ஜெபம் பண்ணிக்கிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். இங்கே ரோஸ் அத்தைக்குச் சர்க்கரை கொஞ்சம் ஜாஸ்தி. எனக்குக் கழுத்துவலி கம்மி ஆயிருக்கு. முன்ரூம்ல கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை ஓடுது. அது ஓடறது என்னைவிட உங்களுக்கே நல்லாத் தெரியும்.

இன்னா இது, இந்தக் காலத்துல போய் லெட்டர் எழுதறாளேன்னு பார்க்காதீங்க. நான் போன் பண்ணா நீங்க எடுக்கறதில்லை. மெசேஜ் போட்டா பார்த்த மாதிரி காட்டுது, பதில் வர்றதில்லை. உங்க தெருக்காரர் ஒருத்தர் லீவு முடிஞ்சு மஸ்கட் திரும்பறாராம், அவர்கிட்ட உங்க வீட்டு அஃப்ஸர் அண்ணி உங்களுக்குப் பார்சல் கொடுத்து அனுப்பறாங்கன்னு கேள்விப்பட்டேன். நாளைக்கு வாணியம்பாடியில உங்க வீட்டுக்கு பஸ் ஏறிப் போய், ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்துல இதையும் வைக்கச் சொல்லப் போறேன். கவரை நல்லா ஒட்டிடுவேன். உள்ளே இருக்கறது அண்ணிக்குத் தெரியாது.

முதல்லயே சொல்லிடறேன், சண்டை போட எழுதலை. சாயங்காலத்துல என் மேசைக் கம்ப்யூட்டருக்குள்ள வந்து வேலை பார்த்துட்டுப் போறது நீங்கதான்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. பயப்படாதீங்க. உங்ககிட்ட கேட்க ஒரே ஒரு விஷயம் இருக்கு. அதைக் கேட்கத் தைரியம் வரணும்னா மத்ததையெல்லாம் முதல்ல எழுதிடணும்.

போன மே மாசம் அவர் பெட்டியில வந்தார். கம்பெனி வேன் லாரியில மோதித் தீப்பிடிச்சதுன்னு உங்க மேனேஜர் போன்ல சொன்னார். அடையாளம் காட்டினது நயீம்தான்னும் சொன்னார். பெட்டியைத் திறக்கக் கூடாதுன்னு மேலயே பேப்பர் ஒட்டி அனுப்பியிருந்தாங்க. முகம் வேண்டாம், வலது கையை மட்டும் காட்டுங்கன்னு எல்லார் கால்லயும் விழாத குறையா கெஞ்சினேன். ஆள்காட்டி விரல்ல சால்டரிங் அயர்ன் சுட்ட தழும்பு இருக்கும், உங்களுக்கும் தெரியும், அதைப் பார்த்தா போதும்னு சொன்னேன். சபை ஆயர் வேண்டாம்மான்னார். பெரியவங்க வேண்டாம்னாங்க. என் தோளைப் பிடிச்சுப் பின்னால நகர்த்திட்டாங்க. மண்ணு போடும்போது எனக்கு அழுகையே வரலை அண்ணா. வேற யார் வீட்டுச் சாவுக்கோ வந்து நிக்கற மாதிரி இருந்தது.

இன்னைக்கு வரைக்கும் அந்த மண்மேட்டுக்குக் கல்லு இல்லை. எங்க சபையில வருஷம் திரும்பறதுக்குள்ள கல்லறை கட்டி, பேரும் தேதியும் வெட்டி வச்சிடணும். கல்லு வெட்டறவர் வாசகம் எழுதிக் கொடும்மான்னு ஆள் மேல ஆள் அனுப்பறார். காகிதத்தை எடுத்து வைக்கிறேன். ஜோவின்னு எழுதறேன். அதுக்கு மேல தேதி போடக் கை வரமாட்டேங்குது. நான் பார்க்காத ஒருத்தருக்கு எப்படி அவர் பேரை எழுதறது? மே மாசம் கிட்ட வந்துடுச்சு. புருஷனுக்கு ஒரு கல்லு வைக்கக்கூட இவளுக்கு மனசு வரலைன்னு சபையில பேச ஆரம்பிச்சுட்டாங்க. பேசட்டும்.

நம்ம கடை ஆரம்பிச்ச கதை உங்களுக்குத் தெரிஞ்சதுதான். ஷூ கம்பெனி கம்ப்யூட்டர் செக்‌ஷன்ல நீங்க ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. லீவு நாள்ல அவர் வீட்டு முன்ரூம்ல ரிப்பேர் பார்ப்பார், நான் ஸ்க்ரூ கழட்டிக் கொடுப்பேன். நீங்க முதல்ல மஸ்கட் போய் அவரையும் கூப்பிட்டுக்கிட்ட பிறகு, கை வேலை எனக்கு, மூளை வேலை அவருக்குன்னு பிரிச்சுக்கிட்டோம். நான் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து தோல் தூசியை ஊதித் தள்ளுவேன். நம்ம ஊர்க் காத்துல கம்ப்யூட்டருக்குள்ள இருக்கற செம்பெல்லாம் கறுத்துப் போகும், தோல் பதனிடற ஷாப் ஆபீஸ்லேருந்து வர்ற பெட்டின்னா மூடியைத் திறந்ததும் நாத்தம் மூக்கைத் துளைக்கும். ரேம் மெமரியோட பல்லு மாதிரி முனையை எல்லாம் பென்சில் ரப்பரால தேய்ச்சு வெளுக்க வைப்பேன். மீதியை அவர் அங்கேருந்தே இன்டர்நெட் வழியா என் மேசைக் கம்ப்யூட்டருக்குள்ள நுழைஞ்சு முடிப்பார். நான் டீயை வச்சுக்கிட்டு, திரையில அம்புக்குறி தானா ஓடறதைப் பார்த்துக்கிட்டிருப்பேன். பேசணும்னுகூடத் தோணாது. அவர் வீட்டுக்குள்ளயே இருக்கார், அவ்வளவுதான்.

வேலை முடிஞ்சதும் காலி இடத்துல ரைட் கிளிக் பண்ணி ரெஃப்ரெஷ் அழுத்துவார். ரிப்பேர் பார்க்கறவங்க எல்லாருக்கும் இருக்கற பைத்தியம்தான் அது, அதனால ஒரு பிரயோஜனமும் இல்லைன்னு அவரே சொல்லுவார். ஆனா அவருக்குக் கணக்கு மூணு. பிதா, குமாரன், பரிசுத்த ஆவின்னு மனசுக்குள்ள சொல்லிக்குவார். மூணாவதுக்கு முன்னால மட்டும் கொஞ்சம் நிறுத்துவார். அப்போ கண்ணை மூடியிருப்பார். ஞானஸ்நானம் ஆச்சு, பிள்ளையை வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாம்னு நான் கிண்டல் பண்ணுவேன்.

அவர் போன பிறகு கொஞ்ச நாளைக்குப் பரிதாபத்துல வேலை வந்தது. அப்புறம் பரிதாபம் தீர்ந்துபோச்சு. கை வேலையோட என் வித்தை முடிஞ்சுடும்னு எல்லாருக்கும் தெரியும். அந்தச் சமயத்துல தோல் வியாபாரி இஷ்தியாக் அகமது பாய் ஒரு ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டுவந்து வச்சார். மகளோட நிக்காஹ் போட்டோவெல்லாம் அதுலதான் இருக்காம், எல்லாக் கடையிலயும் கையை விரிச்சுட்டாங்க, நீ ஒரு தடவை பாரும்மான்னார். மேசைக் கம்ப்யூட்டர்ல சொருகிப் பார்த்தேன். காலி டப்பா மாதிரி காட்டினது. அடுப்புல குழம்பு வச்சிருந்தேன். போய்க் கிளறிட்டு வந்து பார்க்கறேன், திரையில அம்புக்குறி நகருது.

மவுஸ் மேல யார் கையும் இல்லை. மூலையில சின்னப் பெட்டி ஒண்ணு வந்திருக்கு, உள்ளே வந்திருக்கறவர் பேரு ஜோவின்னு காட்டுது. அம்புக்குறி அவசரப்படாம ஒவ்வொண்ணாத் திறக்குது, ஸ்கேன் போடுது, காத்திருக்குது. கொஞ்ச நேரத்துல போட்டோ ஒவ்வொண்ணா மேல வருது. மருதாணிக் கை, சரிகை முக்காடு, பிரியாணி அண்டாவுக்குப் பக்கத்துல சிரிக்கற இஷ்தியாக் பாய். எல்லாத்தையும் வேற இடத்துக்குக் காப்பி பண்ணிட்டு, காலி இடத்துக்கு வந்து ரெஃப்ரெஷ். ஒண்ணு. ரெண்டு. நிறுத்தம். மூணு. அப்படியே தரையில உட்கார்ந்துட்டேன். குழம்பு அடிப்பிடிச்ச நாத்தம் வந்தும் எழுந்திருக்க முடியலை.

பேயா இருக்குமோன்னுதான் முதல்ல நினைச்சேன், சிரிக்காதீங்க. அப்புறம் எனக்கே கோபம் வந்தது. பேயா இருந்தா பாலைக் கவிழ்க்கும், முடியைப் பிடிச்சு இழுக்கும். உட்கார்ந்து பிரிண்டர் டிரைவரா போட்டுக் கொடுக்கும்? ஆனா மறுநாளும் வந்தது. அதுக்கு மறுநாளும் வந்தது. நான் ஆசைப்பட ஆரம்பிச்சுட்டேன் அண்ணா. எனக்கே தெரிஞ்ச வேலையைக்கூடச் செய்யாம அப்படியே திறந்து வச்சுட்டு சாயங்காலத்துக்குக் காத்துக்கிட்டிருப்பேன். தலை வாரிக்குவேன். வேற புடவை மாத்திக்குவேன். கரண்டு போனா எனக்கு உயிரே போயிடும்.

சவப்பெட்டியில வந்தது அவர் இல்லை, வேற யாரோன்னு நம்ப எனக்கு எவ்வளவு நேரம் ஆகும் சொல்லுங்க? நான்தான் பார்க்கவே இல்லையே.

அத்தைகிட்ட மறைச்சுத்தான் வச்சிருந்தேன். ஒருநாள் மாத்திரை தேடிக்கிட்டு முன்ரூமுக்கு வந்தவங்க பார்த்துட்டாங்க. அவங்க கத்தலை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என் பிள்ளை வந்திருக்கான்னு மட்டும் சொன்னாங்க. அன்னியிலேருந்து அவங்களும் வந்து உட்காருவாங்க. கம்ப்யூட்டர் பக்கத்துல ஒரு டம்ளர் டீ வைப்பாங்க, ஏலக்காய் தட்டிப் போட்டது. சாப்டியாடான்னு திரையைக் கேட்பாங்க. டீ ஆறிப்போனதும் எடுத்துட்டுப் போய் அவங்களே குடிச்சுடுவாங்க. அதைப் பார்க்கும்போதெல்லாம் இந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கிப் பாலாத்துல போட்டுடலாமான்னு இருக்கும். உங்களை வெளியே அனுப்ப ஒரு கிளிக் போதும்னு எனக்குத் தெரியாதா? அந்த ஒரு கிளிக்கைத்தான் என்னால செய்ய முடியலை.

ஒரு தடவை நோட்பேடைத் திறந்து, நீங்களான்னு டைப் பண்ணி வச்சேன். ஞாபகம் இருக்கா? அம்புக்குறி வந்து அந்தக் கேள்விக்குக் கீழே நின்னது. மூடப் போய், சேவ் பண்ணணுமான்னு கம்ப்யூட்டர் கேட்டதும், வேண்டாம்ங்கற பட்டன் மேல போய் நின்னு, அழுத்தாம, கேன்சல் பண்ணிட்டு வெளியே போயிட்டீங்க. என் கேள்வி அப்படியே திரையில இருந்தது. அன்னைக்கு ரெஃப்ரெஷ் இல்லை.

நோன்பு மாசத்துலதான் மாட்டிக்கிட்டீங்க. பள்ளிவாசல்லேருந்து கொண்டுவந்த நோன்புக் கஞ்சியைப் பக்கத்து வீட்ல ஒரு தூக்குல கொடுத்தாங்க. அதைக் குடிச்சுக்கிட்டே பார்த்துக்கிட்டிருக்கேன், ஒரு பெரிய டிஸ்க் காப்பி ஆகிக்கிட்டிருக்கு, நடுவுல ஏதோ எரர் வந்து கேள்வி கேட்டு நிக்குது. அம்புக்குறி அசையலை. அவர் அப்படி எழுந்து போகவே மாட்டார். டிஸ்க் ஓடும்போது எழுந்திருக்கறது ஆபரேஷன் நடுவுல டாக்டர் டீ குடிக்கப் போற மாதிரின்னு எனக்குக் கிளாஸ் எடுத்தவர். கொஞ்ச நேரம் கழிச்சுத் திரும்ப வந்து ஓகே கொடுத்தது. மறுநாளும் அதே நேரத்துல காணாம போச்சு. நம்ம ஊர்ல எல்லாரும் நோன்பு திறந்து, தொழுது, கடைத்தெருவுக்கு வந்துட்ட நேரம். ஆனா மஸ்கட்ல அப்போதான் சூரியன் இறங்கும். ஆம்பூர்ல பொறந்து வளர்ந்தவளுக்கு, பேரீச்சம்பழத்துக்குக் கை நீட்ட எழுந்து போறவர் யாருன்னு தெரியாதா அண்ணா? எங்க வீட்ல யாரும் நோன்பு பிடிக்கறதில்லையே.

கஞ்சித் தூக்கைக் கீழே வச்சுட்டு அன்னைக்குத்தான் அழுதேன். மண்ணு போட்ட அன்னைக்கு வராத அழுகையெல்லாம் அப்போ வந்தது. அவரோட சாமான் வந்த அட்டைப்பெட்டியில சட்டை இருந்தது, ஷூ இருந்தது, லேப்டாப் மட்டும் இல்லை. கம்பெனி எடுத்துக்கிட்டதுன்னு விட்டுட்டேன். அது உங்ககிட்ட இருக்கு. என் கம்ப்யூட்டருக்குள்ள வர்ற வழி அதுல அப்படியே இருக்கு. அதனாலதான் அவர் பேரு வருது.

உங்க மேல பயங்கரக் கோபம் இருந்தது, சொல்லிடறேன். அவர் கூடவே இருந்த மனுஷன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேன்னு நினைச்சு நினைச்சுத் திட்டினேன். நேர்ல கிடைச்சிருந்தா செருப்பு பிஞ்சிருக்கும், ஆம்பூர்ல செருப்புக்கா பஞ்சம். இப்போ இல்லை. நாள் முழுக்க வேலை பார்த்துட்டு வந்து, நோன்போட உட்கார்ந்து, எனக்காக யார் யாரோ பிரிண்டரை எல்லாம் சரி பண்ணியிருக்கீங்க. அண்ணி சொன்னாங்க, ஒவ்வொரு போன்லயும் பெர்சிஸ் கடை ஓடுதான்னு கேட்கறீங்களாம். லீவு கிடைச்சும் வரலையாம், பிள்ளைங்க ஏங்கிப்போயிருக்காங்களாம். ஆம்பூரைத் தாண்டித்தான் வாணியம்பாடி போகணும், அதனாலயா வரலை? நான்தானே அவனைக் கூப்பிட்டேன்னு உள்ளுக்குள்ள அரிச்சுக்கிட்டிருக்கீங்களா? அவர் சின்னக் குழந்தை இல்லை. பெட்டி கட்டிக் கொடுத்தது நான். ஆசைப்பட்டுப் போனது அவர். நீங்க கடன்பட்டவர் மாதிரி ஒளிய வேண்டாம். வீட்டுக்கு வாங்க, பிள்ளைங்களைப் பாருங்க.

சரி, கேட்கவேண்டியதுக்கு வந்துட்டேன்.

வர்றது நீங்கன்னு தெரிஞ்ச பிறகு என் மனசு அடங்கியிருக்கணும், இல்லையா? அடங்கலை. பேஜாராப் போச்சு. அந்த மூணு தடவை அழுத்தறதை நீங்க பக்கத்து நாற்காலியிலேருந்து பார்த்திருப்பீங்க, சரி. மூணாவதுக்கு முன்னால நிறுத்தறது? அதே அளவு, நூல் பிடிச்ச மாதிரி. அதை எப்படிக் கத்துக்கிட்டீங்க? ஒவ்வொரு தடவையும் அந்த இடம் வரும்போது அவர் கண்ணை மூடறது எனக்குத் தெரியுது. அப்புறம் ராத்திரி எல்லாம் ஒரே நினைப்பு. ஒருவேளை அவர் உங்க பக்கத்துல உட்கார்ந்து சொல்லச் சொல்ல நீங்க செய்யறீங்களோ. தீயில முகம் போய், கை போய், இப்படி இருக்கறதை அவளுக்குக் காட்டாதேன்னு உங்ககிட்ட சத்தியம் வாங்கியிருக்காரோ. அவருக்குக் கொடுத்த சத்தியத்தை நீங்க மீறமாட்டீங்களே, அதனாலதான் போனை எடுக்கமாட்டேங்கறீங்களோ. இது பைத்தியக்கார நினைப்புன்னு எனக்கே தெரியும். தெரிஞ்சும் போகலை. முன்ரூம்ல நாலு பேர் நின்னு பேசிக்கிட்டிருக்கும்போதும் அந்த நினைப்பு கூடவே நிக்குது.

அதனால ஒண்ணு செய்யுங்க. ஈஸ்டருக்கு மறுநாள் திங்கக்கிழமை சாயங்காலம் அத்தையை ஜெபக்கூட்டத்துக்கு அனுப்பிடுவேன். மேசைக்கு முன்னால நான் மட்டும்தான் இருப்பேன். நீங்க பேச வேண்டாம். எழுதவும் வேண்டாம், உங்களால முடியாதுன்னு எனக்குத் தெரியும். அந்தப் பெட்டியை மூடறதுக்கு முன்னால உங்க கண்ணால அவரைப் பார்த்திருந்தா, அந்த விரல்ல அந்தத் தழும்பு இருந்திருந்தா, இப்போ உங்க பக்கத்துல யாரும் இல்லைன்னா, உள்ளே வந்து ஒரே ஒரு தடவை ரெஃப்ரெஷ் அழுத்திட்டுப் போயிடுங்க. நான் தாங்கிக்குவேன். மறுநாளே கல்லுக்குத் தேதியோட எழுதிக் கொடுத்துடுவேன். அத்தைகிட்டயும் நானே உட்கார்ந்து சொல்லிடுவேன். அதுக்குப் பிறகும் வேலைக்கு வாங்க, உங்க ஒத்தாசை இல்லாம இந்தக் கடை நிக்காது. ஆனா நயீம்னு பேரைப் போட்டுக்கிட்டு வாங்க. அந்த மூணு அவரோட போகட்டும்.

பக்கத்துல அவர் இருந்தா, மூணு அழுத்தச் சொல்லுங்க. எந்த முகமா இருந்தாலும் எனக்கு அதே முகம்தான்னு அவர்கிட்ட சொல்லுங்க. பஸ்ஸோ பிளேனோ நானே வர்றேன்.

ஒண்ணே ஒண்ணு அண்ணா, உங்க பிள்ளைங்க மேல ஆணையாக் கேட்கறேன். ஒண்ணுதான்னா, ஒண்ணோட கையை எடுத்துடுங்க. இவ தனியா உட்கார்ந்திருப்பாளேன்னு பரிதாபப்பட்டு மூணு அழுத்திடாதீங்க.

உங்களையும் அண்ணியையும் பிள்ளைங்களையும் ஆண்டவர் ஒரு குறையும் இல்லாம ஒரே கூரைக்குக் கீழே சேர்த்து வைக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கச்சி
பெர்சிஸ்